கடைப் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் மதுரையில் சாப்பிட வேண்டிய பத்துக் கடைகள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. பத்தும் நல்ல கடைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த வருஷம் யார் மதுரைச் சாப்பாட்டைப் பற்றி எழுதினாலும் முதல் பந்தியில் வந்து உட்கார்ந்துகொள்கிற அதே கடைகள். அதுகூடப் பரவாயில்லை. எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், போய் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லையே! கோபு ஐயங்கார் கடையைப் போட்டுவிட்டு வெள்ளையப்பத்தை விட்டுவிட்டீர்கள். அது பிற்பகலில் போடுகிற பண்டம். பெயரை மட்டும் படித்துவிட்டு ஒருவர் காலையில் போய் நின்றால் கடைக்காரர் என்ன செய்வார்?

நான் மெடிக்கல் ரெப்பாக, அதாவது மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக, இருந்து ஓய்வு பெற்றவன். மதுரை ஹெட்குவார்ட்டர்ஸ், திண்டுக்கல், தேனி, விருதுநகர், ராஜபாளையம் எல்லாம் டூர். எங்கள் தொழிலில் டாக்டரிடம் பேசுவது அஞ்சு நிமிஷம், அதற்குக் காத்திருப்பது ரெண்டு மணி நேரம். கடைசி டோக்கன் போன பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அதுவரை கிளினிக் வாசல் பெஞ்சில் நாலைந்து கம்பெனிக்காரர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எல்லாம் போட்டிக் கம்பெனிகள். எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டோம். சாப்பாட்டுக் கடை விஷயத்தில் மட்டும் ஒளிவுமறைவே கிடையாது. “நாளைக்குத் தேனி போறேண்ணே, மத்தியானம் எங்கே சாப்பிடலாம்?” என்று புதுப் பையன் ஒருத்தன் கேட்டுவிட்டால் போதும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். டெய்லி அலவன்ஸுக்குள் வயிறு கெடாமல் சாப்பிட்டாக வேண்டும், அந்தக் கவலை எல்லாருக்கும் பொது.

அந்தப் பெஞ்சில் கடை சொல்வதற்கு ஒரு முறை உண்டு. வெறும் பெயரைச் சொன்னால் மதிக்க மாட்டார்கள். என்ன பண்டம், எத்தனை மணிக்கு, அடுப்படியில் எந்த மாஸ்டர் நிற்கும்போது, அங்கே எதைத் தொடக் கூடாது, எல்லாம் வர வேண்டும். “மத்தியானச் சாப்பாடு பிரமாதம். ராத்திரி மட்டும் போயிராதீங்க, பரோட்டா மாஸ்டர் சம்பளத் தகராறுல போயிட்டாரு.” இது தகவல். வாங்கிக்கொண்டவர் பதிலுக்கு ஒரு கடை சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறவருக்கு அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

விருதுநகர்ப் பொரிச்ச பரோட்டா எனக்கு அப்படி வந்ததுதான். எண்ணெய்ப் பரோட்டா என்றும் சொல்வார்கள். அதற்குப் பேர்போன பர்மா கடைக்கு வழி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குச் சொன்ன சிவகாசிக்காரர் அதற்கு மேலே சொன்னார்: “கல்லுக்குப் பக்கத்துலயே இடம் பிடிங்க. சால்னாவை ஊத்திட்டுப் பேசிக்கிட்டு இருக்காதீங்க.” போய்ப் பார்த்தபோது புரிந்தது. கல்லின் நடுவில் குழி. அதில் நிற்கும் எண்ணெயில் உள்ளங்கை அகலப் பரோட்டாக்கள் வெந்துகொண்டிருக்கும். நன்றாகச் சிவந்ததும் கரண்டியால் கல்லின் விளிம்புக்கு ஏற்றிச் சாய்த்து வைத்து எண்ணெயை வடிய விடுவார்கள். இலைக்கு வந்ததைப் பிய்த்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். சால்னா விழுந்த முதல் ஒரு நிமிஷம் இருக்கிறதே, மேல்பக்கம் மொறுமொறு, அடிப்பக்கம் ஊறல், இரண்டும் ஒரே வாயில் கிடைக்கும். அந்த நிமிஷம் போனால் போனதுதான். இதைப் பார்சல் கட்டி மதுரைக்குக் கொண்டுவந்து ஆறவைத்துச் சாப்பிட்டுவிட்டு “சுமார்தான்” என்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.

பதிலுக்கு நான் கொடுத்தது சிம்மக்கல் கோனார் கடைக் கறிதோசை. தடிமனான தோசைக்கு மேல் முட்டை, முட்டைக்கு மேல் வெந்த கறி, திருப்பிப் போட்டு நிதானமாக வேக வேண்டும். அவசரக்காரர்களுக்கு உகந்த பண்டம் இல்லை. ஒன்றிலேயே வயிறு நிறைந்துவிடும். ராத்திரி, வேறு எதுவும் சாப்பிடாமல் வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். மனுஷர் சாயங்காலம் ஜிகர்தண்டாவைக் குடித்துவிட்டு வந்து பாதியை மிச்சம் வைத்தார். மறுநாள் மத்தியானத்துக்குத் தல்லாகுளம் சந்திரன் மெஸ் அயிரை மீன் குழம்பு. அயிரை என்பது விரல் நீளம்கூட வராத மீன், தலை முள்ளோடு அப்படியே சாப்பிடுவது. உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்த பிறகுதான் குழம்புக்குப் போகும். எங்கே சாப்பிட்டாலும் பல்லில் நறநற என்று பட்டால் அந்த வேலையில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலையைக் கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

போனில்தான் நட்சத்திரம் போடுகிறார்களே, அது பத்தாதா என்கிறான் என் மகன். பார்த்தேன். கார் நிறுத்த இடமில்லை என்று ஒருவர் ஒரு நட்சத்திரம், ஏசி இல்லை என்று இன்னொருவர் இரண்டு. சட்னியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இவர் எந்த ஊர், எவ்வளவு காரம் தாங்குவார் என்று தெரியாமல் அவர் நாக்கை நான் எப்படி நம்புவது? பெஞ்சில் அது தெரியும். கோயமுத்தூர்க்காரர் “செம காரம்” என்றால் பாதியாகக் கழித்துக்கொள்வோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். கடிதங்களுக்குப் பக்கத்திலேயே வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். வாசகர்கள் ஆளுக்கு ஒரு கடை எழுதட்டும், ஆளுக்கு ஒரு கடை கேட்கட்டும். பண்டம், நேரம், கொடுத்த காசு, எழுதுகிறவரின் ஊர், கூடவே கட்டாயமாக ஒரு குறை. குறையே இல்லாமல் வரும் கடிதத்தைக் குப்பையில் போடுங்கள். அது மச்சான் கடையாக இருக்கும்.

பேப்பரில் வந்தால் கூட்டம் சேர்ந்து கடை கெட்டுவிடும் என்று என் நண்பர் ஒருவர் எதிர்க்கிறார். பாதி நியாயம்தான். தெற்கு மாசி வீதிப் பக்கம் முள்ளுமுருங்கை வடை போடுகிறவர்களும் பருத்திப்பால் வண்டிக்காரர்களும் கூட்டத்தைப் பார்த்துப் பழகினவர்கள். ஒரு தூக்குச்சட்டி மாவோடு வாசலில் உட்காருகிறவர்கள் விஷயம் வேறு. எங்கள் பகுதியில் பணியாரம் சுடுகிற அம்மாவிடம் கேட்டே பார்த்தேன். “எழுதிராதீங்கண்ணே, ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைகளுக்கே மாவு பத்த மாட்டேங்குது” என்றார். ஆகவே அந்தத் தெருவை நான் சொல்லப்போவதில்லை. இப்படிப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவதையும் நிபந்தனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போகிறேன். மறுவீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் சொதி வைப்பார்கள், அதுவரை தங்க முடியாது. தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு, இறக்கி எலுமிச்சம்பழம் பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸுமாக முறைப்படி சொதிச் சாப்பாடு போடுகிற மெஸ் டவுனிலோ ஜங்ஷன் பக்கமோ இருக்கிறதா? எந்தக் கிழமை? எத்தனை மணிக்குள் போனால் கிடைக்கும்? அல்வாவுக்கு யாரும் வழி எழுத வேண்டாம், இருட்டுக்கடை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெடிக்கல் ரெப்,
எல்லீஸ் நகர், மதுரை.