வரலாறு படிப்பவர்களுக்கும் ஆய்வு செய்ய இடம் கொடுங்கள்: எங்கள் கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் அலுவலகத்துக்கு வெளியே ஒட்டிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். நான்காம் ஆண்டில் 'ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ்' நடத்தப்போகும் துறைகளின் பெயர்கள் அதில் இருந்தன. வரலாற்றுத் துறை இல்லை. வரலாற்று மாணவர்கள் விரும்பினால் ஆய்வேட்டுக்குப் பதிலாக மூன்று பாடங்களைப் படித்துச் சாதாரண ஹானர்ஸ் பெற்றுக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. வரலாற்றுக்கும் ஆராய்ச்சி ஹானர்ஸ் கேட்டு நாங்கள் ஒன்பது பேர் கையெழுத்திட்டுக் கொடுத்த மனு என்ன ஆனது என்பதும் தெரியவில்லை.

புதுச்சேரியில் நான்காண்டு பட்டம் எப்படி வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2023-இல் நாங்கள் சேர்ந்தபோது, முதல் நாள் கூட்டத்தில் நீங்களே எங்களுக்கு விளக்கினீர்கள். மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், நான்காம் ஆண்டையும் முடித்தால் 160. முதல் ஆறு செமஸ்டரிலும் சேர்த்து 75 சதவீதம் எடுப்பவர்கள் 12 கிரெடிட்டுக்கு ஆய்வேடு எழுதலாம். "கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகளும் ஆராய்ச்சியாளர் ஆகலாம்" என்று அன்று சொன்னீர்கள். அரங்கில் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. புதுச்சேரியின் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வில் வரலாற்றை முதல் விருப்பமாகப் போட்டதற்காக வீட்டிலும் தெருவிலும் பேச்சு வாங்கி வந்திருந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியம் பெரிய பலமாக இருந்தது.

அந்த வாக்கை எங்கள் துறைக்கும் காப்பாற்றுங்கள் என்பதுதான் ஐயா என் கோரிக்கை.

அலுவலகத்தில் விசாரித்தபோது வாய்வழியாக இரண்டு காரணங்கள் கிடைத்தன. வழிகாட்டும் தகுதியுள்ள நிரந்தரப் பேராசிரியர்கள் எங்கள் துறையில் போதவில்லை என்பது ஒன்று. உண்மைதான். ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள்தான் துறையைத் தாங்குகிறார்கள். அவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். எங்களை அரிக்கமேட்டுக்குத் தங்கள் சொந்தச் செலவில் அழைத்துப்போய், 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வுக் குழி தோண்டிய இடத்தைச் சுற்றிக் காட்டியவர் ஒரு கௌரவ விரிவுரையாளர்தான். அவருக்கு மாதச் சம்பளமே காலத்தோடு வருவதில்லை. அப்படிப்பட்டவர்களை வைத்துப் பாடம் நடத்தலாம், தேர்வு நடத்தலாம், விடைத்தாள் திருத்தலாம். ஆய்வுக்கு மட்டும் அவர்கள் ஆகமாட்டார்கள் என்றால், காலியிடங்களை நிரப்பாத குற்றத்துக்கு மாணவர்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

இரண்டாவது காரணம், "வரலாற்றில் ஆய்வு செய்து என்ன பண்ணப்போறீங்க?" என்பது. இதைக் காரணம் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது என்பதை ஓர் அறிமுகக் கடிதத்துக்காக அலைந்தபோது தெரிந்துகொண்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நான்காம் ஆண்டுக்குத் தயாராவதற்காக ஐந்தாம் செமஸ்டரிலேயே ஒரு தலைப்பை யோசித்து வைத்தேன். புதுச்சேரிப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றியது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்ததை இந்த ஊரில் எல்லோரும் அறிவார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறார்கள், தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்து 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அப்புறம் அந்தச் சட்டம் மில்லுக்குள் எப்படி நடைமுறைக்கு வந்தது, கைக்குழந்தையோடு வேலைக்கு வந்த பெண்ணுக்கு அதில் என்ன கிடைத்தது என்று தேடிப் பார்க்க ஆசைப்பட்டேன். என் பாட்டியின் அம்மா நூற்புப் பிரிவில் வேலை செய்தவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது இரண்டே கதைகள். காகிதமாக ஒன்றும் இல்லை.

இதற்கு மூல ஆவணம் பார்த்தாக வேண்டும். ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. நம் கல்லூரி மாணவர்களில் பலருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அங்கே ஆவணம் பார்க்கக் கல்வி நிறுவனத்தின் அறிமுகக் கடிதம் வேண்டும். ஒரு பக்கக் கடிதம். இவர் எங்கள் மாணவி, இன்ன தலைப்பில் படிக்கிறார், உதவுங்கள் என்று நான்கு வரி.

துறைத் தலைவர் அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அது போதாது, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் கொடுத்தேன். "பி.ஏ. படிக்கிற பொண்ணுக்கு ஆவணக் காப்பகம் எதுக்கு? பி.எச்டி. பண்றவங்கதானே போவாங்க" என்று கேட்டார் ஒருவர். விளக்கினேன். கடிதம் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போனது. அடுத்த முறை போனபோது காணவில்லை, புதிதாக எழுதி வரச் சொன்னார்கள். எழுதிப் போனேன். அப்போது தலைப்பைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கிச் சூடு, போராட்டம்னெல்லாம் இருக்கே, பிரச்சினை வருமா?" என்று வேறொருவர் ஒதுக்கி வைத்தார். நினைவு நாளில் அரசே மரியாதை செய்கிற நிகழ்ச்சியைப் பற்றிப் படிக்க ஒரு கல்லூரி தயங்குகிறதே என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடைசியில் கடிதம் கைக்கு வந்தபோது செமஸ்டர் முடிந்திருந்தது. முத்திரை இருந்தது, டெஸ்பாட்ச் எண் இல்லை. அதற்கும் திரும்ப வரிசையில் நின்றேன். இதற்கிடையே வகுப்பைத் தவறவிட்ட நேரங்களுக்கு வருகைப் பதிவு குறைந்ததாக வீட்டுக்குக் குறுஞ்செய்தி போனது. மகள் கல்லூரிக்குப் போகாமல் எங்கே போகிறாள் என்று என் அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து விசாரித்தார். அவரிடம் நான் என்ன சொல்ல? உங்கள் அலுவலக வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

இந்த ஊழியர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு இப்படி ஒரு கடிதத்தை யாரும் அதற்கு முன்பு கேட்டதில்லை. வேதியியல் மாணவருக்கு ஆய்வகம் எப்படியோ, எங்களுக்கு ஆவணக் காப்பகம் அப்படி. ஆய்வகத்துக்குள் போக வேதியியல் மாணவர் யாரிடமும் கெஞ்சுவதில்லை. அவருக்கு அது கால அட்டவணையிலேயே இருக்கிறது.

கடிதத்துக்காகக் காத்திருந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. துறை ஆசிரியர் ஒருவரின் உதவியால் பழைய பிரெஞ்சிந்திய அரசிதழின் ஒரு தொகுதியை ஒரு நூலகத்தில் பார்க்கக் கிடைத்தது. பக்கத்தைத் திருப்பும்போதே ஓரம் பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தது. முழங்கையில் ஒட்டிக்கொண்டதைத் தட்டிவிடவே பயமாக இருந்தது. மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்திருந்ததால், அகராதியை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வாசித்தேன். நியமனம், அபராதம், ஏலம், சாராயக் குத்தகை என்று போய்க்கொண்டே இருந்தது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம்தான் படித்திருப்பேன். ஆனால் மூன்று வருடம் பாடப் புத்தகம் படித்ததில் கிடைக்காத ஒன்று அந்த ஒன்றரைப் பக்கத்தில் கிடைத்தது. ஒரு வரலாற்று வாக்கியம் எங்கிருந்து வருகிறது, அதை எழுதியவர் யார், எதை எழுதாமல் விட்டார் என்று கேட்கத் தொடங்கினேன். இந்தப் பயிற்சிதான் ஐயா ஆய்வேடு. மூன்று பாடங்களைக் கூடுதலாக மனப்பாடம் செய்து தேர்வெழுதுவது இதற்கு ஈடாகாது.

நாளைக்கு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தால் அங்கே என்ன கேட்பார்கள்? 75 சதவீதத்துடன் நான்காண்டு பட்டம் முடித்தவர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறை சொல்கிறது. விண்ணப்பிக்கலாம், சரி. ஒரு ஆவணத்தைக்கூடக் கையால் தொடாமல், இருபது பக்கம் சொந்தமாக எழுதிப் பழகாமல் போய் நின்றால் எங்களை யார் எடுப்பார்கள்? டெல்லியில் ஹானர்ஸ் படித்த பிள்ளையோடு பாகூரிலிருந்தும் திருபுவனையிலிருந்தும் வந்த பிள்ளைகள் போட்டியிட வேண்டும் என்றால், அதற்கான பயிற்சியை அரசுக் கல்லூரிதான் தர முடியும். எங்களால் வேறெங்கும் பணம் கட்டிப் படிக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த ஊர் முழுக்க வரலாற்றை வைத்துத்தான் பிழைக்கிறது. சனி, ஞாயிறு ஆனால் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் படம் எடுக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பிரெஞ்சுக் காலக் கட்டடங்கள் விடுதிகளாகிவிட்டன. நவம்பர் 1 விடுதலை நாளுக்குக் கொடி பிடிக்க எங்களை அழைக்கிறீர்கள், நாங்களும் மனமுவந்து வருகிறோம். கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள் என்று மேடையில் ஒப்பிக்கிறோம். மற்ற எட்டுப் பேர் ஏன் மறுத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல எங்களில் ஆளில்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டைப் படிக்கிற எவரும் தவிர்க்க முடியாத மூலம். அவர் பெயரில் தெரு இருக்கிறது, அவர் வாழ்ந்த வீடு அங்கே நிற்கிறது. அந்த நாட்குறிப்பின் ஒரு பக்கத்தையாவது உட்கார்ந்து வாசிக்க எங்கள் பாடத்திட்டத்தில் நேரம் ஒதுக்கப்படவில்லை. பிரெஞ்சிந்தியாவின் ஆவணங்களில் ஒரு பகுதி ஏற்கெனவே பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க எங்களால் போக முடியாது. இங்கே இருப்பதையும் பார்க்க விடாவிட்டால், எங்கள் ஊர்க் கதையை என்றைக்கும் வெளியூர் ஆட்கள் எழுதித்தான் நாங்கள் படிக்க வேண்டும். இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். காத்திருக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரோடியர் மில் என்று ஊர் அழைத்த ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) 2020-இல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களும் அதே ஆண்டு மூடப்பட்டன. அங்கே வேலை செய்த பெண்கள் இன்னும் முதலியார்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தாயும் பாட்டியும் அதே மில்லில் உழைத்தவர்கள். போன மாதம் ஓர் அம்மாவைப் பார்த்துப் பேசினேன். எண்பதைத் தாண்டியவர். சங்கு ஊதும் நேரத்தை வைத்து அடுப்பு மூட்டியது, பஞ்சுத் தூசி ஏறிய மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே நூல் இழுத்தது என்று கோவையாகச் சொன்னார். பேசி முடித்ததும், "இதையெல்லாம் யாரும் கேட்டதில்லையேம்மா, திரும்ப எப்ப வருவ?" என்றார். ஆய்வேடு உண்டா இல்லையா என்று தெரியாமல் அவருக்கு நான் நாள் சொல்லவில்லை.

ஆகவே ஐயா, மீண்டும் அதையே கேட்கிறேன். ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ் பட்டியலில் வரலாற்றுத் துறையையும் சேருங்கள். வழிகாட்டிகள் போதவில்லை என்றால் காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையிடம் இணை வழிகாட்டிகளைக் கேளுங்கள். நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். ஒன்பது பேருக்கும் முடியாது என்றால், 75 சதவீதம் தாண்டியவர்களில் சிலருக்காவது இந்த ஆண்டு தொடங்குங்கள். காலியான பேராசிரியர் இடங்களுக்காக உயர்கல்வித் துறைக்கு நீங்கள் எழுதும்போது எங்கள் மனுவையும் இணைத்து அனுப்புங்கள். ஆவணக் காப்பகத்துக்கான அறிமுகக் கடிதத்தைத் துறைத் தலைவரே தரும்படி ஓர் ஆணை போடுங்கள். அந்த நேரத்தை வருகைப் பதிவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி இரண்டுக்கும் பணம்கூடச் செலவாகாது, உங்கள் கையெழுத்து இருந்தால் போதும்.

ஆறாம் செமஸ்டர் தேர்வுக்கு முன்பு விருப்பப் படிவம் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. அதற்குள் கல்விக்குழு ஒருமுறை கூடி எங்கள் மனுவை எடுத்துப் பேசுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்களை நேரில் அழைத்தால், தலைப்பு, ஆவணப் பட்டியல், வேலைத் திட்டம் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு எந்த நேரத்திலும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு மாணவி