மலைப் பெயர்களைத் தேடிய ஓர் ஆண்டு: செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆடி 18 அன்று சங்ககிரிக் கோட்டைக்கு ஏறினோம். பாதி வழியில் நம் இளம் உறுப்பினர் ஒருவர், "தீரன் சின்னமலையை 1805இல் இங்கேதானே தூக்கில் போட்டார்கள்? அப்புறம் ஏன் இந்த மலைக்கு அவர் பெயர் இல்லை?" என்று கேட்டார். யாரிடமும் சட்டென்று பதில் இல்லை. போர்களின் நினைவாகவும் படைவீரர்களின் நினைவாகவும் பெயர் பெற்ற மலைகளையே இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

இராணுவத்தில் இருந்து வந்த நம் மூத்த உறுப்பினர் பேசிய கூட்டத்தை மறக்க முடியாது. சியாச்சின் பக்கம் ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில் பாகிஸ்தான் படை ஒரு காவல்நிலை வைத்திருந்தது. அதற்கு ஜின்னாவின் பட்டத்தையொட்டி 'காயித்' என்று பெயர். 1987 ஜூனில் நாயிப் சுபேதார் பானா சிங்கும் அவருடைய ஆட்களும் செங்குத்தான பனிச்சுவரில் ஏறி அதைப் பிடித்தார்கள். இன்று அது பானா டாப். கார்கில் போரில் பாயிண்ட் 4875இல் உயிர் கொடுத்தவர் கேப்டன் விக்ரம் பத்ரா. அந்தச் சிகரம் இப்போது பத்ரா டாப். பாயிண்ட் 5140க்கு 2022இல் பீரங்கிப் படையைப் போற்றி 'கன் ஹில்' என்று பெயரிட்டார்கள். 4875, 5140 என்பதெல்லாம் மீட்டர் கணக்கில் உயரம். வரைபடத்தில் வெறும் எண்ணாக இருந்த இடத்தில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது. இதில் எனக்கு முழுச் சம்மதம்.

கனடாவில் நடந்தது வேறு. அங்கே காசில் மலை என்று வழங்கிவந்த மலைக்கு 1946இல் அமெரிக்கத் தளபதி ஐசனோவர் பெயரை வைத்தார்கள். மக்கள் ஒப்பவில்லை. 1979இல் பழைய பெயரே திரும்பியது, ஒரு முகடு மட்டும் ஐசனோவர் பெயரில் நிற்கிறது. முதல் உலகப் போரின் நாயகனான பிரெஞ்சு மார்ஷல் பெத்தேன் பெயரிலும் அங்கே ஒரு மலை இருந்தது. அடுத்த போரில் அவர் ஹிட்லரோடு ஒத்துப்போனவர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2022இல் அந்தப் பெயரை நீக்கியது.

சரி, நம் ஊருக்கு வருவோம். மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்துப் பறித்தபோது, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல் என்று தீர்த்தகிரி (தீரன் சின்னமலையின் இயற்பெயர் இதுதான்) சொல்லியனுப்பியதாக நம் பெரியவர்கள் சொல்லிவருகிறார்கள். அவர் மலைக்குப் பெயர் கொடுக்கவில்லை, மலையிடம் பெயர் வாங்கிக்கொண்டார். பெற்றோர் வைத்த பெயரிலும் ஒரு 'கிரி' இருக்கிறது. சங்ககிரியில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

ஊருக்குத் தெற்கே உள்ள கரட்டுக்குச் சின்னமலை பெயரை வைக்கக் கோரி மனு கொடுக்கலாம் என்று சில உறுப்பினர்கள் முன்மொழிந்தார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனாலும் நான் எதிர்த்தேன். நம் வரைபடத்தில் பெயர் இல்லையென்றால் ஆடு மேய்ப்பவர் வாயிலும் இல்லை என்று ஆகிவிடுமா? இரண்டு கூட்டங்கள் வாதாடிய பிறகு, முதலில் கரடுகளுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுவது, மனுவைப் பிறகு பார்ப்பது என்று செயற்குழு முடிவு செய்தது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். பெயர் எழுதும் நோட்டு அலுவலக மேசையில் இருக்கிறது. தை நோன்புக்கு ஊருக்குப் போகிறவர்கள் அப்பச்சி, அப்பத்தாவிடம் கேட்டு, சொன்னவர் சொன்னபடியே எழுதித் தாருங்கள்.

செயலாளர்