டவுன்லோட் பட்டனை திருப்பிக் குடுங்க: நம்ம டெவலப்பர் குரூப் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்மின் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

ஆயுத பூஜை அன்னிக்கு லேப்டாப்புக்கு சந்தனம் குங்குமம் வச்சு, பக்கத்துல பொரிகடலை வச்சு, குரூப்ல வரிசையா போட்டோ போட்டீங்க. நானும் எல்லாத்துக்கும் ஹார்ட் போட்டேன். மறுநாள் விஜயதசமி, ஊரே சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போய் அரிசில 'அ' எழுத வைக்கிற நாள். அன்னிக்குப் பாத்து பாட நோட்ஸும் வீடியோவும் இருந்த நம்ம ட்ரைவ பூட்டிட்டீங்க. நாள் நட்சத்திரம் பாத்து பண்ணீங்களா, தானா அமைஞ்சுதான்னு தெரியல.

என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, பண்ணதே நீங்கதான். பழைய ஃபோல்டர் போயாச்சு, மெம்பர் போர்ட்டல் வந்தாச்சு, நோட்ஸ ஸ்க்ரீன்ல மட்டும்தான் படிக்கலாம், வீடியோ ஸ்ட்ரீமிங் மட்டும்தான், ஒவ்வொரு தடவையும் ஓடிபி, இருபது நிமிஷம் கை வைக்கலன்னா வெளிய தள்ளிடும். டவுன்லோட் பட்டன் இருந்த எடத்துல இப்போ ஒரு குட்டி பூட்டு படம். நான் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணு, கடைசி வரைக்கும் படிக்க நேரமில்லாதவங்களுக்காக இங்கயே சொல்லிடறேன். அந்த டவுன்லோட் பட்டனை திருப்பிக் குடுங்க.

எங்க வீடு கோத்தகிரில இருந்து கீழ எறங்குற பள்ளத்துல இருக்கு. சுத்தி தேயிலை, அதுக்கு மேல சோலைக்காடு. வீட்டுக்குள்ள சிக்னல் கிடையாது, ஜன்னல் ஓரமா போன வச்சா சில நாள் எஸ்எம்எஸ் மட்டும் தத்தித் தத்தி வரும். மாரியம்மன் கோயில் மேட்டுக்குப் போனா ரெண்டு கோடு, வெயில் அடிச்சா மூணு. ஏற பன்னெண்டு நிமிஷம், எறங்க எட்டு நிமிஷம். ஊர்ல எல்லாரும் கேஸ் புக் பண்றது, பணம் அனுப்பறது, வெளியூர்ல இருக்குற புள்ளைங்களோட வீடியோ கால் பேசறது எல்லாம் அந்த மேட்டுலதான். ஆத்தாளுக்கு எங்க குடும்பக் கதை எல்லாம் மனப்பாடம்.

முன்னாடி எப்படின்னா, வாரத்துல ஒரு நாள் காலைல ஆறரைக்கு லேப்டாப் பைய மாட்டிட்டு மேட்டுக்குப் போவேன். ஹாட்ஸ்பாட் போட்டு அந்த வாரம் புதுசா வந்த ஃபைல மட்டும் எறக்குவேன், மிஞ்சிப் போனா அஞ்சு நிமிஷம். வீட்டுக்கு வந்துட்டா அந்த வாரம் பூரா நெட்டே தேவையில்ல, ராத்திரி அம்மா தூங்கின பொறவு அடுப்பாங்கரைல உக்காந்து படிப்பேன். பக்கத்து லைன் வீட்டுப் பசங்க நாலு பேருக்கு பென்டிரைவ்ல போட்டுக் குடுப்பேன். இப்படித்தான் ரெண்டு வருஷம் ஓடுச்சு.

இப்போ ஓடிபிக்கு ஆயுசு மூணு நிமிஷம். மேட்டுல லாகின் பண்ணி வீட்டுக்கு எறங்கினா நெட் போயிடுது, நெட் போனா பக்கம் போயிடுது. சரி, மேட்டுலயே உக்காந்து படிக்க வேண்டியதுதானேன்னு நீங்க கேக்கலாம். அதையும் செஞ்சு பாத்தேன். ஐப்பசி மழை, சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்து கோயில் திண்ணைல உக்காந்து ஒரு கைல குடை, மடில லேப்டாப், டேட்டாபேஸ்ல ரெண்டு டேபிள சேக்குற எஸ்க்யூஎல் ஜாயின் பாடத்த படிச்சிட்டு இருக்கேன், லெஃப்ட் ஜாயினுக்கும் இன்னர் ஜாயினுக்கும் என்ன வித்தியாசம்னு அப்பத்தான் லேசா பிடிபடுது. "செஷன் முடியப் போகிறது, நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?"ன்னு போர்ட்டல் கேக்குது. நிமிந்து பாத்தா தேயிலைக்குள்ள இருந்து காட்டுமாடு ஒண்ணு வந்து இருபதடி தள்ளி நிக்குது, அதுவும் அதையேதான் கேக்குற மாதிரி பாக்குது.

சத்தியமா அசையல நான். ஸ்க்ரீன் வெளிச்சத்த கொறைக்கக் கூட கை வரல. போர்ட்டல் என்னைய வெளிய தள்ளிருச்சு, மாடு தள்ளல, முக்கால் மணி நேரம் கழிச்சு இலை லாரி சத்தம் கேட்டு அதுவா எறங்கிப் போச்சு. அன்னில இருந்து நாலு மணிக்கு மேல மேட்டுக்குப் போகக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஆபீஸ் எட்டுல இருந்து அஞ்சு. ஆக எனக்கு மிச்சம் இருக்குறது காலைல ஒரு மணி நேரம், அதுவும் பனி மூட்டம் இல்லாத நாள்ல, கரடி நேத்து ராத்திரி பலாமரத்துக்கு வந்துட்டுப் போகாத நாள்ல. இதெல்லாம் போர்ட்டல் டிசைன் பண்றப்போ யூசர் ஸ்டோரில, அதாவது யார் எப்படி பயன்படுத்துவாங்கன்னு எழுதி வைக்கிற குறிப்புல, வந்திருக்காது, புரியுது.

உங்க பக்கத்து காரணமும் எனக்குத் தெரியும். யாரோ நம்ம நோட்ஸ எடுத்து வேற எடத்துல காசுக்கு வித்துட்டாங்க. எனக்கும் வயிறு எரிஞ்சுது, அத எழுதினவங்க ராத்திரி கண்ணு முழிச்சு எழுதினதுன்னு தெரியும். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, வித்த ஆளுக்கு வீட்டுல ஃபைபர் இருக்கு. அவன் போர்ட்டல்ல லாகின் பண்ணி, ஸ்க்ரீன் ரெக்கார்டர ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவான். ஸ்க்ரீன்ல தெரியுற எதையும் பூட்ட முடியாதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? திருடனுக்குப் போட்ட பூட்டுல திருடன் மாட்டல, நாங்கதான் வெளிய நிக்கிறோம்.

இதுல இன்னொரு கூத்து. அந்த ஃபோல்டர்ல கிட் (Git), அதாவது கோட்ல யார் எப்போ என்ன மாத்தினாங்கன்னு பதிஞ்சு வைக்கிற டூல், அத பத்தி தமிழ்ல பதினோரு பக்கம் ஒண்ணு இருக்கே, அது நான் எழுதினது. மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்னா என்னன்னு இலை கணக்கு நோட்ட வச்சு உதாரணம் சொல்லியிருப்பேன், ஒரே நோட்டோட ரெண்டு காப்பில ரெண்டு கணக்குப்பிள்ளைங்க ஒரே வரில வேற வேற கிலோ எழுதிட்டா எத எடுக்குறதுன்னு. போன வாரம் அத தொறக்கப் போனா "அனுமதி கோரவும்"னு வருது. நான் எழுதினத படிக்க நானே அனுமதி கேட்டிருக்கேன். இன்னும் யாரும் அப்ரூவ் பண்ணல.

நீலகிரி மலைக்கு வர்ற வண்டிங்களுக்கு 2024 மே மாசத்துல இருந்து ஈ-பாஸ் கேக்குறாங்க. இங்கயே பதிவான டிஎன் 43 வண்டிக்கு அது வேணாம், உள்ளூர்க்காரங்கன்னு விட்டுடுவாங்க. கோர்ட்டும் கலெக்டர் ஆபீஸும் யோசிச்ச அந்த அளவு கூட குரூப்ல யோசிக்கலயே.

முதல் செஷன்ல நீங்க சொன்ன கதை ஒண்ணு எனக்கு மறக்கவே மறக்காது. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல எழுதுறவங்க 2002ல இருந்து கோட் மாத்தினத பதிஞ்சு வைக்க பிட்கீப்பர்னு ஒரு டூல பயன்படுத்திட்டு இருந்தாங்க, அது ஒரு கம்பெனியோடது, இவங்களுக்கு மட்டும் சும்மா குடுத்திருந்தாங்க. 2005ல இனி சும்மா கிடையாதுன்னு நிறுத்திட்டாங்க. லினக்ஸ உருவாக்கின லினஸ் டார்வால்ட்ஸ் ஏப்ரல் 3ஆம் தேதி உக்காந்து அதுக்கு பதிலா கிட்னு புது டூல எழுத ஆரம்பிச்சாரு, 7ஆம் தேதி கிட்டோட கோடே கிட்டுக்குள்ள இருந்துச்சு. க்ளோன் பண்ண, அதாவது முழுசா காப்பி எடுத்த, ஒவ்வொருத்தர் மெஷின்லயும் முழு வரலாறும் இருக்கும், சர்வர் செத்தாலும் வேலை நிக்காது, யாரும் யாரையும் கதவுல நிறுத்தி வைக்க முடியாதுன்னு நீங்க சொன்னப்போ எனக்கு புல்லரிச்சுது. அந்தக் கதைய எங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டு, எங்ககிட்டயே பிட்கீப்பர் வேலைய காட்டினா எப்படிண்ணா?

மத்தவங்க எல்லாம் எப்படி பண்றாங்கன்னு பாருங்க. பைத்தான் ப்ரோக்ராமிங் மொழிக்காரங்க மொத்த டாக்குமெண்டேஷனையும் ஜிப் ஃபைலா எடுத்துக்கோன்னு சைட்லயே வச்சிருக்காங்க. டெவ்டாக்ஸ்னு ஒரு சைட்ல இந்த மாதிரி டாக்குமெண்டேஷன ஆஃப்லைன்ல வச்சுக்கலாம், ஜீல்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுவும் அப்படித்தான். கிவிக்ஸ்னு ஒரு ஆப் போட்டா விக்கிபீடியாவையே நெட் இல்லாம படிக்கலாம். தமிழ்லயே கணியம்ங்கிற டெக் இதழ்ல 2012ல இருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல எழுதிட்டு இருக்காங்க, மின்னூலா எடுத்து யாருக்கு வேணாலும் குடுக்கலாம். உலகத்து அறிவையே பென்டிரைவ்ல போட்டுத் தர ஆளிருக்கு, நம்ம குரூப்போட முப்பத்தெட்டு எம்பி நோட்ஸுக்கு மட்டும் ஆறு டிஜிட் ஓடிபி.

எழுத ஆரம்பிச்சதுல மத்ததும் கொட்டிடறேன், கோவிச்சுக்காதீங்க. ப்ரோக்ராம் கோட போட்டோ எடுத்து போடாதீங்க, தயவுசெஞ்சு. அதுவும் மானிட்டர போன்ல போட்டோ எடுத்து, சாய்ஞ்சு, ட்யூப்லைட் வெளிச்சம் நடுவுல விழுந்து, அத நாங்க எழுத்து எழுத்தா தட்டி, கடைசில ஒரு ப்ராக்கெட் போட்டோவுக்கு வெளிய போயிருக்கும். ரெண்டு வரில சொல்ல வேண்டியத நாப்பது நிமிஷம் வீடியோவா போடுறது இன்னொண்ணு. எனக்கு ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, அதுல அரை ஜிபி "எல்லாருக்கும் ஆடியோ கேக்குதா?"க்கே போயிடுது. மீட்டிங் எப்பவும் சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணி, கோயம்புத்தூர்ல. முடிஞ்சு நான் மேட்டுப்பாளையம் வந்து சேர்றப்போ மலையேறுற கடைசி பஸ்ஸ புடிச்சா அதிர்ஷ்டம். இதுல நம்ம ஆளுங்களே ரெண்டு பேரு போன மாசம் ரிசார்ட்ல ரூம் போட்டு, பனி மூட்டத்துல லேப்டாப்ப வச்சு, "மலையிலிருந்து வேலை, இதுதான் வாழ்க்கை"ன்னு போட்டோ போட்டிருந்தாங்க. அந்த ரிசார்ட்டுக்கு கீழ்ப் பள்ளத்துலதான் நான் குடையப் புடிச்சிட்டு ஓடிபிக்கு காத்துட்டு இருந்தேன். சொல்லியிருந்தா வைஃபை பாஸ்வேர்டாவது கேட்டிருப்பேன்.

சரி, எங்கயோ போயிட்டேன். நான் நன்றி கெட்டவ இல்ல, அதையும் எழுதணும். நான் வேலை செய்யுறது தேயிலை ஃபேக்டரி ஆபீஸ்ல. இலை போடுற விவசாயிங்க ஒவ்வொருத்தருக்கும் தினக் கிலோ, ஈரத்துக்கு கழிச்சது, அட்வான்ஸ், உர மூட்டைக்கு புடிச்சது, எல்லாம் கூட்டிக் கழிச்சு மாசக் கடைசில சீட்டு போடணும். மூணு ராத்திரி கால்குலேட்டரோட உக்காருவோம், அப்பவும் ரெண்டு பேரு கணக்கு ஒதைக்கும். உங்க நோட்ஸ்ல சிஎஸ்வி ஃபைல, அதாவது டேபிள வெறும் எழுத்தா வச்சிருக்குற ஃபைல, பைத்தான்ல படிக்கிற பாடம் ஒண்ணு இருந்துச்சு, பேரு போடாம யாரோ ஒரு அக்கா எழுதினது, அத வச்சு தப்பும் தவறுமா ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். இப்போ டீ ஆறதுக்குள்ள சீட்டு வந்துடுது. அந்த அக்கா யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, தெரிஞ்சா ஒரு கிலோ நல்ல தூள் அனுப்புவேன். அடுத்து இத டேட்டாபேஸுக்கு மாத்தணும், அதுக்குத்தான் அந்த ஜாயின் பாடம். காட்டுமாட்டுக்கு முன்னாடி பாதில நிக்குது.

அதனால பணிவாவே கேக்குறேன். அந்த டவுன்லோட் பட்டனை திருப்பிக் குடுங்க. போர்ட்டல மூடச் சொல்லல, நெட் இருக்கிறவங்க அதுல பாக்கட்டும். எழுத்தா இருக்குறத மட்டும் ஒரு பப்ளிக் ரெப்போல, அதாவது யாரும் எடுத்துக்கக்கூடிய கிட் ஃபோல்டர்ல, போட்டுடுங்க, நாங்க மாறினத மட்டும் புல் பண்ணிக்கிறோம். கூடவே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒண்ணு போடுங்க, பேரு போடணும், காசுக்கு விக்கக் கூடாது, மாத்தி எழுதினா அதையும் இதே மாதிரி பகிரணும்னு இருக்கே, அது. அப்புறம் எவனாவது வித்தா அவன்கிட்ட சண்ட போட உங்க கைல ஒரு தாளாவது இருக்கும், இப்போ அதுவும் இல்ல. எழுதினவங்க யாராவது என்னோடத வெளிய போடாதீங்கன்னா அத விட்டுடுங்க, அது அவங்க உரிமை. என்னோட பதினோரு பக்கத்துக்கு இந்த மடலே சம்மதம், தாராளமா போடுங்க.

ரெப்போ வைக்க நாளாகும்னா அது வரைக்கும் ஒரு வேலை பண்ணலாம். கிட் பண்டில்னு ஒரு கமாண்ட் இருக்கு, மொத்த ரெப்போவும் ஒரே ஃபைலா சுருண்டு வந்துடும், அதுல இருந்தே க்ளோன் பண்ணிக்கலாம். உங்க மெஷின்ல அப்படி ஒண்ணு பண்ணி பென்டிரைவ்ல போடுங்க. எங்க ஃபேக்டரி டிரைவர் அண்ணன் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க கோயம்புத்தூர் வர்றாரு, எங்க சொல்றீங்களோ அங்க வந்து வாங்கிப்பாரு. பென்டிரைவ் நானே குடுத்து விடறேன். ரெப்போ மெயின்டெயின் பண்ண ஆள் இல்லன்னு யாரும் சொல்ல வேணாம், நான் பண்றேன், காலைல ஆறரைல இருந்து ஏழரை வரைக்கும் நான் ஆன்லைன்.

பதில் போட்டா எழுத்துல போடுங்க, வாய்ஸ் நோட் எறங்காது. நாளைக்கு காலைல மேட்டுக்குப் போறப்போ பாத்துக்கறேன். அப்படியே அந்த அனுமதி கோரிக்கைய யாராவது அப்ரூவ் பண்ணி விட்டீங்கன்னா, நான் எழுதினத நான் ஒரு தடவ படிச்சுக்குவேன், மூணாவது பக்கத்துல ஒரு தப்பு இருக்கு, திருத்தணும்.

இப்படிக்கு,
கோத்தகிரிக்கு கீழ இருந்து,
உங்க குரூப் மெம்பர் ஒருத்தி