பூங்கா வாசலில் குழந்தைகளோடு சாலையைக் கடக்க சிக்னல் கேட்டு மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
பூங்கா வாசல் சிறு வியாபாரிகள், பூங்காத் தொழிலாளர்கள், பூங்காவுக்குள் சிற்றுண்டிக் கடை நடத்தும் மகளிர் குழுவினர்,
கிழக்குக் கடற்கரைச் சாலை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் பூங்கா நிறுத்தத்தில் பாதசாரிகள் கடக்க சிக்னலும், சென்டர் மீடியனில் நடைவழியும், விளக்கும் அமைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இடம் எது என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாமல்லபுரம் பக்கம் ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் தங்கள் வாகனம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. கடல் பக்கம், சவுக்குத் தோப்பு முடிந்து சாலை லேசாக வளைகிற இடத்தில், பெயின்ட் உதிர்ந்த யானைத் தலை வளைவோடு நிற்கிறதே, அந்தப் பூங்காதான்.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் டிக்கெட் கவுன்டரில் தள்ளுமுள்ளு. 2020-இல் கொரோனா வந்து பூட்டியது. திறந்த பிறகு பழைய கூட்டம் திரும்பவில்லை. பெரிய ராட்டினங்களுக்கு வயதாகிவிட்டது. உதிரி பாகமும் கிடைப்பதில்லை. 2025 மே மாதம் இதே சாலையில் இஞ்சம்பாக்கத்தில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், 30-க்கும் மேற்பட்டவர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கியதை ஊரே டிவியில் பார்த்தது. யாருக்கும் அடிபடவில்லை என்றாலும், அதற்கப்புறம் எங்கள் பூங்காவிலும் உயரமான எதிலும் ஏற ஆள் யோசிக்கத் தொடங்கினார்கள். போதாததற்கு 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா என்ற பெரிய பொழுதுபோக்குப் பூங்கா திறந்தது. பைக்கில் வந்துகொண்டிருந்த காலேஜ் பையன்கள் அங்கே போய்விட்டார்கள். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. புதுசுக்குத்தான் கூட்டம் போகும்.

மூட வேண்டியதுதான் என்று பேச்சு வந்தபோது, பூங்கா நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது. பெரிய ராட்டினங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கைக்குழந்தையும் சின்னப் பிள்ளைகளும் வைத்திருக்கும் குடும்பங்களுக்காக மட்டுமே இனி பூங்கா என்று மாற்றினார்கள். கணுக்கால் அளவு தண்ணீர்த் தொட்டி, குட்டி ரயில், குதிரை ராட்டினம், மணல் திட்டு, தாய்ப்பால் கொடுக்கும் அறை, வேப்பமரத்தடியில் வரிசையாகத் தூளி. நுழைவுக் கட்டணத்தையும் குறைத்தார்கள். சிற்றுண்டிக் கடையை மகளிர் குழுவிடம் கொடுத்தார்கள். முதலாளிக்காகத்தான் இந்த மனு என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். எங்களில் சிலருக்கு அவரிடமே சம்பளப் பாக்கி இருக்கிறது. ஆனால் இந்த யோசனை நல்ல யோசனை. மெல்ல மெல்லக் குடும்பங்கள் வரவும் தொடங்கின.

பிரச்சினை வாசலுக்கு வெளியே இருக்கிறது. பைக்கில் வந்தவனுக்குப் பார்க்கிங் போதும். இப்போது வருகிறவர்கள் பஸ்ஸில் வருகிறார்கள். பூங்கா தன் ஆட்களை மாற்றிக்கொண்டது, சாலை மாறவில்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. சென்னையிலிருந்து வரும் பஸ் எங்கள் வாசல் பக்கமே நிற்கும். வரும்போது ஒரு சிரமமும் இல்லை. திரும்பிப் போகும் பஸ் எதிர்ப்புறம்தான் நிற்கும். நடுவில் நான்கு வழிச்சாலை, இடையில் சென்டர் மீடியன்.

2. சாலையை அகலப்படுத்தியபோது வாசலுக்கு நேராக மீடியனில் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். வண்டிகள் அதில் திரும்பி விபத்தாகிறது என்று பிறகு அடைத்துவிட்டார்கள். அடைத்தது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. மனிதர் கடக்க வேறு வழி வைக்காமல் அடைத்ததைத்தான் சொல்கிறோம். அடுத்த இடைவெளி ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதுவரை நடைபாதை கிடையாது. மணலும் சீமைக்கருவேல முள்ளும்தான். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத்துணிப் பையையும் தூக்கிக்கொண்டு யாரும் அங்கே போய்ச் சுற்றி வரப்போவதில்லை. மீடியனைத்தான் ஏறுவார்கள்.

3. எப்படி ஏறுகிறார்கள் என்று சொல்கிறோம். முதலில் அப்பா பாதிச் சாலையை ஓடிக் கடந்து மீடியன் மேல் ஏறி நிற்பார். அம்மா இந்தப் பக்கம் கைக்குழந்தையோடு நிற்பார். வண்டி இல்லாத நேரம் பார்த்து அவர் ஓட, மேலே நிற்கிறவர் குனிந்து குழந்தையை வாங்குவார். அப்புறம் பை. அப்புறம் பெரிய பிள்ளை. அப்புறம் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவார். ஓர் ஆள் நிற்க மட்டுமே அகலமுள்ள அந்தக் கட்டையில் நான்கு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இருபுறமும் ஹைபீம் அடித்துக்கொண்டு கார்கள் போகும். இன்னும் பாதிச் சாலை பாக்கி.

அப்பா இல்லாமல் அம்மாவும் பாட்டியுமாக வருகிறவர்கள்தான் அதிகம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தது. ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் அரசு பஸ்ஸில் டிக்கெட் இல்லை. முன்பக்கம் பிங்க் வண்ணம் அடித்த அந்த பஸ்ஸை நம்பித்தான் அவர்கள் கிளம்புகிறார்கள். மாலையில் அது எதிர்ப்புறம் வந்து நிற்பதைப் பார்ப்பார்கள். கடக்க முடியாது. கண்ணெதிரே அது போய்விடும். அடுத்த சாதாரண பஸ் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இருட்டிவிட்டால் பயம். கிடைக்கிற வண்டியில் காசு கொடுத்துப் போகிறார்கள். பூங்காவுக்குள் ஆன செலவைவிட வீடு திரும்பும் செலவு கூடிவிடுகிறது.

போன அரையாண்டு விடுமுறையில் நடந்ததை எங்கள் கண்ணால் பார்த்தோம். நாலு வயசுப் பெண் குழந்தை. மீடியனில் தூக்கி ஏற்றும்போது ஒரு செருப்பு கழன்று சாலையில் விழுந்துவிட்டது. அம்மா கையை விட்ட அந்தக் கணத்தில் குழந்தை செருப்பை எடுக்க இறங்கிவிட்டது. கார் பிரேக் அடித்த சத்தத்தில் பஜ்ஜிக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். கைக்கெட்டும் தூரத்தில் வண்டி நின்றது. ஓட்டியவருக்கும் கை நடுங்கிற்று. அவர் நல்ல மனிதர், இறங்கி வந்து தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மா எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து வெகு நேரம் பேசவே இல்லை. கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னார்: "உள்ளே எல்லாம் நல்லாதான் இருக்கு அக்கா. வெளியே வந்தாத்தான் உயிர் போகுது." அவர் மறுபடி வருவாரா ஐயா? தெருவில் இன்னொருத்தியிடம் போய்வா என்று சொல்வாரா?

4. ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், தடத்துக்கு மூன்றரை மீட்டர், ஆக ஏழு மீட்டர். சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்து நடத்திக் கடக்கப் பத்து நொடியாவது வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்தப் பத்து நொடியில் 220 மீட்டர் வந்துவிடும். எங்கள் இடத்தில் சாலை வளைவதாலும் தோப்பு மறைப்பதாலும் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது. அதாவது, யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டுக் கால் வைத்தாலும் நடுவில் ஒருவன் வந்துவிடுவான். சனி, ஞாயிறு பைக் ரேஸ்காரர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 80-இல் வந்தால் அவர்களுக்கு அவமானம்.

5. விளக்கு. இருக்கும் கம்பத்தில் எரிவதில்லை. எழுதிக்கொடுத்தால் எரியும், மழை பெய்தால் அணையும்.

6. எங்களால் ஆனதையும் செய்து பார்த்தோம். வாசல் காவலாளி அண்ணன் சிவப்புத் துண்டை ஆட்டி வண்டிகளை நிறுத்தி, குடும்பங்களைக் கடத்திவிட்டுக்கொண்டிருந்தார். சில வாரம் நடந்தது. ஒரு நாள் ஒருவர் வந்து, சாலையில் வண்டியை நிறுத்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டுவிட்டுப் போனார். கேள்வி நியாயம்தான். அதிகாரம் உள்ளவர்கள் வந்து நிறுத்தட்டும், அவர் துண்டை மடித்து வைத்துவிடுவார்.

7. முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள் ஐயா. காணும் பொங்கலன்று இதே இடத்தில் இரண்டு காவலர்கள் பேரிகேட் போட்டுக் கயிறு பிடித்து நிற்கிறார்கள். அன்றைக்கு இருக்கும் கூட்டத்தில்கூட ஒரு பாட்டி நிம்மதியாக நடந்து கடக்கிறார். 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தார். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அந்த இரண்டு முறையும் ஓரம் எல்லாம் வெள்ளை அடித்து, செடி வைத்து, பளிச்சென்று ஆக்கியதை நாங்கள் பார்க்காமலா இருந்தோம்? அதற்கெல்லாம் மதிப்பீடு, டெண்டர், நிதி ஒதுக்கீடு எல்லாம் மளமளவென்று நடந்ததே. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்னல் என்றால் மட்டும் கோப்பு ஏன் நகர மறுக்கிறது?

8. முந்தைய மனுக்களுக்கு என்ன பதில் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். "தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு கடிதம். சம்பந்தப்பட்ட துறையில் போய்க் கேட்டால், சிக்னல் எங்கள் வேலை இல்லை, காவல்துறை பரிந்துரைக்க வேண்டும் என்றார்கள். அங்கே போனால், சாலையை வைத்திருப்பவர்கள் ஒப்புதல் தர வேண்டும் என்றார்கள். ஊராட்சியில் விளக்கு மட்டும்தான் எங்களுடையது என்றார்கள். அந்த விளக்குதான் மேலே 5-இல் சொன்னது. கடைசியில் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி: மனு முடித்து வைக்கப்பட்டது. என்ன முடிந்தது ஐயா? யார் வந்து பார்த்தார்கள்? சாலையில் ஒரு ஜீப்ரா கோடுகூட விழவில்லையே!

கோபமாக எழுதுகிறோம் என்று தோன்றினால் மன்னிக்கவும். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்ற நல்ல திட்டத்தை 2021-இல் நம் மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் நாங்கள் கேட்பது அடிபட்ட பிறகு அல்ல, அதற்கு முன்னால். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், பாதசாரிகளுக்கு நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. சுண்டல் விற்கிறவர்கள் சட்டம் பேசுகிறார்களே என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி சட்டம் படிக்கிறாள், அவள்தான் எழுதிக் கொடுத்தாள்.

9. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, வருகிற மே விடுமுறைக்குள்,
பூங்கா நிறுத்தத்தில் பாதசாரிகள் பொத்தானை அழுத்திக் கடக்கும் சிக்னல் அமைக்கவும்,
மீடியனில் வண்டி திரும்ப முடியாதபடி, ஆனால் ஒரு குடும்பம் நிற்கும் அளவுக்கு நடைவழி திறக்கவும்,
வளைவுக்கு முன்பே இருபுறமும் வேகத்தடைக் கோடுகளும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கவும்,
உயர்கோபுர விளக்கு ஒன்று போடவும் உத்தரவிட வேண்டுகிறோம்.

இவையெல்லாம் வர நாளாகும் என்றால், அதுவரை சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் மாலை 5 மணி முதல் 8 மணி வரை இரண்டு காவலர்களையாவது நிறுத்துங்கள். வேறு எதுவும் முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். சிக்னல் கடைசியில் வந்தாலும் சரி, காவலர் முதலில் வரட்டும்.

10. பூங்காவில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள மீனவக் குப்பத்துப் பெண்கள். வாசலில் கடை போட்டிருப்பவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. குடும்பங்கள் வருவது நின்றால் பூங்கா நிற்கும். இந்த முறை நின்றால் அந்த இடம் மனைப் பிரிவுதான். சாலையைக் கடக்கப் பயந்து ஒரு பூங்கா மூடியது என்று நம் மாவட்டத்துக்குப் பெயர் வர வேண்டாம் ஐயா.

இந்த மனுவையும் தயவுசெய்து "சம்பந்தப்பட்ட துறைக்கு" அனுப்பிவிட வேண்டாம். அவர்கள் எல்லோரையும் தாங்களே ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு எங்கள் வாசலுக்கு அழைத்து வாருங்கள். முன்கூட்டியே சொல்ல வேண்டாம். சொன்னால் அன்றைக்கு மட்டும் விளக்கு எரியும். சென்னை போகும் அடுத்த பஸ்ஸுக்கு வாசலிலிருந்து எதிர்ப்புறம் நடந்து போய்ப் பாருங்கள். அதற்கப்புறம் எந்தத் துறை என்பதைத் தாங்களே அங்கேயே முடிவு செய்யலாம்.

மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். மே விடுமுறைக்குள் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூங்கா வாசல் சிறு வியாபாரிகள், பூங்காத் தொழிலாளர்கள், மகளிர் குழுவினர்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித்தாளில்)

இணைப்பு:
முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்.
"மனு முடித்து வைக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியின் நகல்.
குடும்பங்கள் மீடியன் ஏறும் புகைப்படங்கள் (குழந்தைகளின் முகம் மறைக்கப்பட்டுள்ளது).