ஹாங்காங், ஜோர்டன் வட்டாரம்: எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியவர்களே, உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம், நமஸ்தே.

நேபாள நாட்காட்டியின் 2081 ஆம் ஆண்டுக்கான அறிக்கை இது. 2024 ஏப்ரல் 13 முதல் 2025 ஏப்ரல் 13 வரை நடந்தவற்றைச் சொல்கிறது. நேபாளி, ஆங்கில வடிவங்கள் தனியே சுற்றுக்கு வந்திருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் தருகிறார் என்பதால், நான் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியும் அதைச் சுற்றி வளர்ந்த உறவுகளைப் பற்றியுமே பேசப் போகிறேன். நம் சங்கம் நிற்பது அவற்றின் மேல்தான்.

ஆண்டு துக்கத்தோடு தொடங்கியது. புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 10 அன்று காலை, ஜோர்டன் சாலை நியூ லக்கி ஹவுஸ் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் ஐந்து பேர் இறந்தார்கள். 2020 நவம்பர் 15 இரவு கேன்டன் சாலைத் தீயில் ஏழு உயிர்கள் போனதை நம் நேபாளிக் குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. அதனால் புத்தாண்டு விருந்தை நிறுத்திவிட்டு, இறந்தவர்களுக்காக அமைதி காத்துக் கலைந்தோம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். பத்துப் பேருக்கு மேல் கூடும் எந்த விருந்தும் வீடுகளில் நடக்காது, சமூகக் கூடத்தில் மட்டுமே நடக்கும். சங்க நிகழ்ச்சிகளில் எண்ணெய் விளக்கோ திறந்த அடுப்போ கிடையாது, மின்விளக்கும் இண்டக்ஷன் அடுப்பும்தான். சிலருக்கு மனத்தாங்கல் இருந்தது. விளக்கேற்றாத திருநாளா என்று கேட்டார்கள். ஆனாலும் இந்த முடிவு அப்படியே தொடர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

புதிதாகச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்காக நம் வட்டாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948 முதல், நேபாள வீரர்களைக் கொண்ட பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா படைப்பிரிவுகள் ஹாங்காங்கில் இருந்தன. ஷெக் காங், ஃபான்லிங் முகாம்களில் தங்கி எல்லையைக் காத்தவர்கள் அவர்கள். 1997 இல் ஆட்சி பிரிட்டனிடமிருந்து சீனாவுக்கு மாறும் முன் படை வெளியேறியது. ஆனால் இங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் பலர் நிரந்தரமாகத் தங்கும் உரிமையோடு திரும்பி வந்தார்கள். கட்டட வேலை, காவல் வேலை, உணவகம் என்று உழைத்து ஜோர்டன், யாவ் மா தே, யுவன் லாங் பகுதிகளில் வேரூன்றினார்கள். 2021 கணக்கெடுப்பின்படி இந்நகரில் நேபாளிகள் ஏறக்குறைய 30,000 பேர். நம் சங்கத்திலும் குருங், மகர், ராய், லிம்பு குடும்பங்களே அதிகம். நாம் சில தமிழ்க் குடும்பங்கள், கீழ்த்தளங்களில் நெடுங்காலமாக வாழும் சீனப் பெரியவர்கள், அவர்களோடு சேர்ந்துகொண்டவர்கள்.

மாதாந்திர ஞாயிறு விருந்து இந்த ஆண்டும் நடந்தது. நேரத்தை மட்டும் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றினோம். சனி இரவு வேலை முடித்து வருபவர்கள் தூங்கி எழுந்து வரட்டும் என்று மகளிர் குழு கேட்டுக்கொண்டது, அதற்குப் பலனும் கிடைத்தது. முன்பெல்லாம் பெண்களும் குழந்தைகளும் மட்டுமே வருவார்கள். இப்போது ஆண்கள் வந்து மோமோ (பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் நேபாளக் கொழுக்கட்டை) மடிக்கிறார்கள். மாவு தேய்ப்பவர் ஒருவர், பூரணம் வைப்பவர் ஒருவர், மடிப்பவர் ஒருவர் என்று வரிசையாக உட்கார்ந்தால் பேச்சு தானாக வந்துவிடுகிறது. சுட்ட தக்காளி, எள், திமுர் என்னும் நேபாள மிளகு வகை சேர்த்து அரைத்த அச்சார் சட்னி இல்லாமல் மோமோவை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது போஜுவின் கட்டளை. (ஓய்வுபெற்ற கூர்க்கா வீரரின் மனைவியான நம் மூத்த உறுப்பினரை நாம் எல்லோரும் போஜு என்றே கூப்பிடுகிறோம்.) திமுரைக் கடித்தால் நாக்கு மரத்துப்போகும். முதல் மாதம் முகம் சுளித்த நம் பிள்ளைகள் இப்போது இட்லிக்கும் அதையே கேட்கிறார்கள்.

இந்த ஆண்டின் சிறந்த வேலை எது என்று கேட்டால், டிசம்பரில் குந்த்ருக் (புளிக்கவைத்து உலர்த்திய கீரை) போட்டதைத்தான் சொல்வேன். இங்கே வெயில் காலத்தில் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும், எதுவும் காயாது. குளிர்காலத்தில்தான் காற்று வறண்டு வரும். குவான் சுங் சந்தையில் கடுகுக் கீரையைக் கட்டுக் கட்டாக வாங்கி, வாட விட்டு, கசக்கி, காற்றே இல்லாதபடி ஜாடிகளில் அழுத்தி அடைத்தோம். உப்பு ஒரு துளியும் போடக் கூடாது. வாரம் தாண்டியதும் ஜாடியைத் திறந்தால் நல்ல புளிப்பு வாசனை வந்தது. பிறகு அதை உலர்த்த வேண்டும். மொட்டை மாடிக்கு அனுமதி கிடைக்காததால், ஆளாளுக்குத் தம் வீட்டு ஜன்னல் கம்பியில் தட்டு கட்டிக் காயவைத்தோம். இதைப் பார்த்த இரண்டாம் மாடியில் இருக்கும், ஹக்கா என்னும் சீன இனத்தைச் சேர்ந்த பாட்டி மேலே ஏறி வந்து, தாம் செய்யும் முய் சோயைக் கொண்டுவந்து காட்டினார். அதே கடுகுக் கீரை வகை, ஆனால் அவர் உப்பிட்டு ஊறவைத்துக் காயவைக்கிறார். போஜுவும் அவரும் ஒரே கட்டடத்தின் மேலும் கீழுமாகப் பல ஆண்டு வாழ்ந்தும் அதுவரை தலையசைத்ததோடு சரி. அன்று இருவரும் மொழி இல்லாமலேயே வெகுநேரம் ஒருவர் ஜாடியை ஒருவர் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி இப்போது நம் உறுப்பினர்.

அந்தக் குந்த்ருக்கைச் சோயா பயறும் தக்காளியும் வரமிளகாயும் போட்டு ரசமாக வைத்து, திண்டோ என்னும் களியோடு சாப்பிட்டோம். திண்டோவுக்குக் கேழ்வரகு மாவைச் சுங்கிங் மேன்ஷன்ஸ் கடைகளிலிருந்து நம் தமிழ் உறுப்பினர்கள் வாங்கி வந்தார்கள். களி கிண்டத் தெரிந்த கைகளுக்கு அதில் சிரமம் எதுவும் இல்லை.

திருநாள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்கள் இருக்கும் தீஜ் நோன்புக்கு முந்தைய இரவு, செப்டம்பர் 5, தர் விருந்துக்குக் கூடம் பதிவு செய்திருந்தோம். அன்று மாலையே யாகி புயலுக்கு எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றப்பட்டு, கூடமும் மூடப்பட்டது. மகளிர் குழு கலங்கவில்லை. ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள் மூன்று வீடுகளாகப் பிரிந்து, பாயசத்தையும், வளையமாகப் பொரிக்கும் அரிசிமாவுப் பலகாரமான சேல் ரொட்டியையும் படிக்கட்டு வழியாகவே பரிமாறிக்கொண்டார்கள். அதே மாதம் 27, 28 தேதிகளில் நேபாளத்தில் பெய்த பெருமழையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் உறுப்பினர் சிலரின் ஊர்களும் பாதிக்கப்பட்டன. நவராத்திரியை ஒட்டி வரும் நேபாளிகளின் பெருந்திருநாளான தசைன் விருந்தை எளிமையாக்கி, மிச்சப்பட்ட பணத்தையும் வசூலையும் சேர்த்து அனுப்பினோம். அக்டோபர் 12 அன்று டீகா (நெற்றித் திலகம்) வைக்கும் சடங்கை மட்டும் குறைக்கவில்லை. அக்டோபர் 3 இல் விதைத்து இருட்டில் வளர்த்த பார்லி முளைகளைப் பார்த்ததும் நம் ஊர் முளைப்பாரி நினைவு வந்தது. பெரியவர்கள் நெற்றியில் தயிரும் அரிசியும் குங்குமமும் கலந்து அப்பி, காதோரம் முளையைச் செருகி வாழ்த்தினார்கள்.

நவம்பர் 3, பாய் டீகா, அதாவது சகோதரிகள் சகோதரர்களுக்குத் திலகமிடும் நாள். சகோதரிகள் நேபாளத்தில் இருக்க, இங்கே தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் நம்மிடையே பலர். அவர்களை வரிசையாக உட்காரவைத்து, நேபாளிப் பெண்களோடு தமிழ், சீன உறுப்பினர்களும் ஏழு வண்ண டீகா இட்டு, வாடாமல்லி மாலை போட்டார்கள். வெகுநேரம் கண் துடைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, அடுத்த வாரமே செயற்குழுவில் சேர்ந்தார். இப்போது கூடத்தைப் பதிவு செய்யும் வேலை முழுவதும் அவர் கையில்தான்.

ஜனவரி 14 அன்று மாகே சங்கராந்தியும் தைப்பொங்கலும் ஒன்றாக வந்தன. வேலைநாள் என்பதால் மாலையில் கூடினோம். ஒரு பக்கம் வேகவைத்த கிழங்கு, நெய், ‘சாக்கு’ எனப்படும் வெல்லக்கட்டி, எள்ளுருண்டை. இன்னொரு பக்கம் சர்க்கரைப் பொங்கல். இண்டக்ஷன் அடுப்பில் பால் பொங்கியபோது எழுந்த சத்தத்தைக் கேட்டுக் கூடத்தின் காவலாளி ஓடி வந்தார், அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம்.

நீண்ட மலைநடைப் பாதையான மெக்லஹோஸ் பாதையில் ஒரு பகுதியை நடந்தோம். கூர்க்காக்கள் 1981 இல் பயிற்சியாகத் தொடங்கிய நூறு கிலோமீட்டர் நடைதான் இன்று ஊரே அறிந்த டிரெயில்வாக்கர் நடை நிகழ்ச்சி ஆகியிருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு ஓய்வுபெற்ற வீரர் ஒருவரே நடந்துகொண்டே சொன்னார்.

சீன எழுத்து வகுப்பு வாரம் இருமுறை நடக்கிறது. கான்டனீஸ் சரளமாகப் பேசும் பிள்ளைகள்கூட எழுத்தில் பின்தங்கி, நல்ல வேலைகளை இழக்கிறார்கள். சொல்லித்தர வரும் இரண்டு கல்லூரி மாணவிகளுக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. அடுத்த ஆண்டு இதற்குத்தான் அதிக நேரமும் இடமும் ஒதுக்க வேண்டும். விருந்து ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, வகுப்பு தள்ளிப்போகக் கூடாது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: பெரியவர்கள் சமைக்கும்போது அவர்கள் குரலிலேயே செய்முறைகளைப் பதிவு செய்வது, டிசம்பரில் குந்த்ருக்குக்கு மாடி அனுமதியை ஆகஸ்டிலேயே கேட்டு வாங்குவது, ஒவ்வொரு கட்டடத்திலும் தீ வெளியேறும் படிக்கட்டில் பொருள் குவிந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் உறுப்பினரை நியமிப்பது. அப்புறம், பெரிய ஆவிப்பாத்திரம் ஒன்று வாங்க வேண்டும். இருப்பது அடி ஓட்டையாகிவிட்டது.

கூடம் தந்து உதவியவர்களுக்கும், சந்தையில் கீரையை விலை குறைத்துத் தந்த வியாபாரிகளுக்கும், இரவு வேலை முடித்து வந்து பாத்திரம் கழுவிய தோழர்களுக்கும் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று, அடுத்து பொருளாளர் அறிக்கையை அழைக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
ஜோர்டன், கௌலூன்
ஏப்ரல் 2025