பழசைப் போடு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்பு மகளுக்கு,

சின்னவனுக்கு லயன் கிங் படம் காட்டணும், பழசா புதுசா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, எதையாவது போடு என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை, இரண்டையும் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன்.

பழசைப் போடு.

புதுசு மோசம் என்று சொல்ல வரவில்லை. 2019-இல் உன் தம்பி என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனபோது, பிடரி மயிர் ஒவ்வொன்றும் காற்றில் அசைவதைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தவள்தான். ஆரம்பத்தில் வரும் சூரிய உதயம் ஒன்றுதான் காமிராவில் எடுத்ததாம், மீதி எல்லாம் கம்ப்யூட்டர். கோளாறே அங்கேதான், அத்தனை பாடுபட்டு நிஜச் சிங்கமாகவே செய்துவிட்டார்கள். நாம் ஹ்லுஹ்லுவே காட்டுக்குப் போனது நினைவிருக்கிறதா? வெயிலில் மூன்று மணி நேரம் அலைந்து கடைசியில் புதருக்குள் ஒன்றைப் பார்த்தோம்; அது நம்மைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அதற்குப் பசியா, கோபமா, வருத்தமா, அந்த முகத்தில் ஏதாவது தெரிந்ததா? அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, செத்துப்போன அப்பா முஃபாசாவை எழுப்பு என்று சிங்கக்குட்டி சிம்பாவிடம் சொன்னால், குரல் அழுகிறது, முகம் சும்மா இருக்கிறது.

1994 படத்தில் அந்தக் குட்டி அப்பாவின் காதைப் பல்லால் பிடித்து இழுக்கும். ஆள் கூப்பிட்டுப் பார்க்கும், யாரும் வரமாட்டார்கள், கடைசியில் அந்தக் காலுக்கு அடியில் தானே நுழைந்து படுத்துக்கொள்ளும். நீ ஆறு வயசில் அந்த இடம் வந்ததும் என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "முடிஞ்சுதாம்மா?" என்பாய். அதை ஓட்டி ஓட்டியே கேசட்டில் கோடு விழுந்துவிட்டது.

பழசு 88 நிமிஷம், புதுசு 118. அந்த அரைமணியில் என்ன செய்தார்கள் என்றால், சிம்பாவின் ஒரு கொத்து மயிர் ஒட்டகச்சிவிங்கி வயிற்றுக்குள் போய், சாணமாக வந்து, அதை வண்டு உருட்டிக்கொண்டு போகிறது. சின்னவன் அதற்கு மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பான், அது வேறு விஷயம்.

புதுசில் எனக்குப் பிடித்தது ரஃபீக்கிக்குக் குரல் கொடுத்த ஜான் கனி. நம்ம நாட்டு மனுஷர், அந்தக் குரங்கு பேசினால் ஊர்ப் பெரியவர் பேசுவது மாதிரியே இருக்கிறது. முஃபாசாவுக்கு இரண்டிலும் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ்தான், ஆனால் அதே குரலை அசையாத முகத்துக்குப் பின்னாலிருந்து கேட்டால் ரேடியோ கேட்பது போலிருக்கிறது.

ஆரம்பத்தில் சோவெட்டோக்காரர் லெபோ எம் குரலெடுத்துக் கூவுகிறாரே, அது ஜூலு பாஷை. துணி ஃபேக்டரியில் பக்கத்து மிஷினில் தைத்த ஜூலு அம்மாவிடம் அர்த்தம் கேட்டேன். "இதோ சிங்கம் வருது அப்பா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெர்த் ஊரில் சின்னவனுக்கு ஜூலு யார் சொல்லித்தரப் போகிறார்கள், நீயே சொல்லிவிடு, ஆயா சொன்னாள் என்று சொல்லு.

அப்பா சாகும் இடம் வரும்போது டீ போட எழுந்து போய்விடாதே. மசாலாத் தூள் இரண்டு கிலோ அரைத்து வைத்திருக்கிறேன், அடுத்த மாசம் சித்தப்பா கையில் வரும்.

அம்மா