நெடுஞ்சாலையோரக் கழிப்பறையைத் திறந்து தண்ணீர் வசதி செய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்:
சாலையோரக் கடை மகளிர்,
உச்சிப்புளி – மண்டபம் தேசிய நெடுஞ்சாலை,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: சர்வதேச விளையாட்டுப் போட்டிகளுக்கு வரும் வெளியூர்க்காரர்களால் கடலோரச் சிறு வியாபாரிகளும் பயன்பெற, பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறையைத் திறந்து தண்ணீர் வசதி செய்து தர மீண்டும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் கடை போட்டிருக்கும் பெண்கள் நாங்கள். தாங்கள் ராமேஸ்வரம் போகும்போதெல்லாம் எங்கள் கடைகளைக் கடந்துதான் போயிருப்பீர்கள். பனை ஓலைக் கொட்டான், கருப்பட்டி, சிப்பி மாலை, கருவாடு, கீழக்கரையிலிருந்து வாங்கி விற்கும் தொதல் என்ற இனிப்பு, பருவத்துக்கு முண்டு மிளகாய், பனங்கிழங்கு, இவைதான் எங்கள் சரக்கு. கடைகளுக்குப் பின்னால் நீல வண்ணம் அடித்த ஒரு கட்டடம் நிற்கிறது. அது சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய பொதுக் கழிப்பறை. திறப்பு விழாக் கல்வெட்டு பளிச்சென்று இருக்கிறது. உள்ளே தண்ணீர் இல்லை, அதனால் வெளியே பூட்டு.

மக்கள் குறைதீர் நாளில் இதற்கு முன்பு கொடுத்த மனுக்களுக்கு ரசீது கிடைத்தது. சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியிருப்பதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. அந்தத் துறை எது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. ரசீதுகளின் நகலை இதனுடன் வைத்திருக்கிறோம்.

கழிப்பறைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் நினைக்கலாம். அதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

1. கடந்த நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாட்டு அணிகள் வந்தன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மதுரையோடு திரும்ப மாட்டார்கள், ராமேஸ்வரம் பார்க்க வருவார்கள், சரக்கைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே எங்களிடம் சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது. மகளிர் குழுவில் கடன் எடுத்துச் சரக்குப் போட்டோம். போட்டி தொடங்கிய நேரத்தில் டிட்வா புயல் வந்து அடைமழை கொட்டியது. சரி, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மழை விட்டதும் வண்டிகள் வந்தன. ஐயப்ப சாமிகளின் வேன்களோடு, ஹாக்கி பார்க்க வந்தவர்களின் வாடகை வண்டிகளும் வந்தன. ஆனால் எங்களைத் தாண்டிப் போய்விட்டன.

2. ஏன் போயின என்று ஓட்டுநர்களிடமே கேட்டோம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். வண்டியில் பெண்களும் குழந்தைகளும் இருந்தால், கழிப்பறை உள்ள இடத்தில்தான் ஓட்டுநர் நிறுத்துவார். அங்கே டீ குடிப்பார்கள், அங்கேயே பொருளும் வாங்குவார்கள். எங்கள் கொட்டான் எவ்வளவு அழகாக இருந்தாலும், வண்டி நின்றால்தானே அதைப் பார்ப்பார்கள்? மாமல்லபுரத்தில் 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது கூட்டம் அந்த ஊருக்கே வந்தது. எங்கள் நிலைமை வேறு. மைதானம் எங்கோ இருக்கிறது, போகிற வழியில் வண்டி நின்றால் மட்டும்தான் எங்களுக்கு வியாபாரம்.

ஒரே ஒரு வண்டி நின்றது. மகன் மதுரையில் விளையாடுகிறான் என்று ஒரு வெளிநாட்டு அம்மா ஓட்டுநர் மூலம் சொன்னார். கொட்டான்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, ஐந்தாறு எடுத்து ஓரமாக வைத்தார். அப்புறம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். நாங்கள் அந்த நீலக் கட்டடத்தைப் பார்த்தோம், அவரும் பார்த்தார், பூட்டையும் பார்த்தார். பாம்பன் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினார். எடுத்து வைத்த கொட்டான் அப்படியே இருந்தது. விற்காமல் போனதைவிட, அந்த அம்மா முன்னால் எங்களுக்கு ஏற்பட்ட வெட்கம்தான் பெரிது.

3. ஐயா, வெளியூர்க்காரர்கள் அடுத்த ஊரில் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் எங்கே போவது? காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு எட்டு மணி வரை இங்கேயேதான் இருக்கிறோம். இருப்பது சீமைக் கருவேலங்காடு ஒன்றுதான். பகலில் அங்கே போக முடியாது, சாலையிலிருந்து தெரியும். இருட்டினால் பாம்பு. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. இந்த உப்புக்காற்றில், வெயிலில், கடை அடைக்கும்வரை தொண்டையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நீர்க்கடுப்பு வராதவர் எங்களில் யாரும் இல்லை. மாதவிடாய் நாட்களில் கடையே திறப்பதில்லை, அந்த நாட்களின் வருமானம் போனது போனதுதான். சர்க்கரை நோய் உள்ள ஒரு பாட்டி இருக்கிறார், அவரால் அடக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. பக்கத்துக் கடைப் பெண் இரண்டு பேர் சேலையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்பார்கள். தேசிய நெடுஞ்சாலையில், ஐயா. பத்தடி தள்ளிக் கழிப்பறை இருக்கிறது. கட்டாமல் விட்டிருந்தால்கூட மனதை ஆற்றிக்கொள்வோம். கட்டி, ஓடு ஒட்டி, கண்ணாடி மாட்டி, பெண்கள் என்று படமும் வரைந்து பூட்டி வைத்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

4. எங்களுக்குத் தெரிந்தவரை பிரச்சினை இவ்வளவுதான். போர் போட்டாயிற்று, மோட்டாரும் இறக்கியாயிற்று, மின் இணைப்பு மட்டும் வரவில்லை. இணைப்புக்கு யார் பணம் கட்டுவது, மாதாமாதம் மின் கட்டணத்தை யார் கட்டுவது என்பதில் நிற்கிறது. ஊராட்சியில் கேட்டால் நெடுஞ்சாலைக்காரர்களைக் கேட்கச் சொல்கிறார்கள். நெடுஞ்சாலையில் கேட்டால் கட்டடம் எங்களுடையது இல்லை என்கிறார்கள். முன்பாவது தலைவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவோம். 2025 சனவரியோடு உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்த பிறகு, சத்தம் போட வாசலும் இல்லை. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் குழாய் அரித்துவிடும் என்று ஒருவர் காரணம் சொன்னார். அரிக்கட்டுமே! ஓடாத குழாயும் இந்தக் காற்றில் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

5. திறந்து மட்டும் கொடுங்கள். தினமும் கழுவிச் சுத்தமாக வைக்கும் பொறுப்பை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். வெளியூர்க்காரர்களிடம் ஐந்தோ பத்தோ வாங்கிக்கொள்ள எழுத்தில் அனுமதி தந்தால் மின் கட்டணத்தையும் நாங்களே கட்டிவிடுவோம்.

6. வரும் பிப்ரவரி 7 முதல் டி20 உலகக் கோப்பை கிரிக்கெட், சென்னையிலும் ஆட்டங்கள் இருக்கின்றன. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது, அது எங்களுக்குத் தூரம்தான். ஆனால் பிரப்பன்வலசை எங்களுக்குப் பக்கம். அங்கே ஒலிம்பிக் நீர்விளையாட்டு அகாடமி அறிவித்திருக்கிறார்கள். நாளைக்கு அங்கே போட்டி என்று வந்தால் வீரர்களும் பெற்றோரும் இந்தச் சாலையில்தான் வரவேண்டும். அப்போதும் பூட்டைத்தான் காட்டுவோமா?

7. போட்டிகளில் விருந்தினருக்குக் கொடுக்கும் பரிசுப் பைகளுக்குப் பதில் எங்கள் ஓலைப் பெட்டிகளை வாங்கலாம். இரண்டு மாதம் முன்னால் சொன்னால் போதும், ஓலை காயவும் முடையவும் அவ்வளவு நாள் ஆகும். தொதல் கட்டிக் கொடுக்க உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும் என்கிறார்கள், அதற்கு இங்கேயே ஒரு முகாம் போட்டால் நல்லது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதைச் சொல்ல எங்கள் நிறுத்தத்தில் ஒரு பலகைகூட இல்லை. இதெல்லாம் மெதுவாக நடக்கட்டும் ஐயா. முதலில் கழிப்பறை.

8. ஏப்ரல் 15-க்கு முன்னால் செய்து தர வேண்டும். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. எங்களில் பல வீடுகளில் ஆண்கள் விசைப்படகுத் தொழிலாளிகள். தடைக்காலத்தில் இந்தக் கடை வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது. பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவதும் அப்போதுதான். அதை விட்டால் ஹாக்கிக்கு வாங்கிய கடனை அடைக்க எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

மரியாதைக் குறைவாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இந்த மனுவையும் வேறு துறைக்கு அனுப்பிவிட வேண்டாம். தாங்கள் ராமேஸ்வரம் போகும் வழியில் ஒருமுறை வண்டியை நிறுத்தி, அந்தப் பூட்டைப் பாருங்கள். கூடவே பெண் அலுவலர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். மின் இணைப்புக்கு உத்தரவிட்டு, சாவியை எங்களிடம் கொடுக்கும்படி மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சாலையோரக் கடை மகளிர்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கம்)

இடம்: உச்சிப்புளி
நாள்: சனவரி 2026